நொதி இறங்குகிறது என்று நம்பிய வாரம்

கொண்டாப்பூரில் எங்கள் அடுக்ககத்துக்கு எதிரே உள்ள ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் ஏழெட்டுப் பரிசோதனைகள் இருந்தன. சர்க்கரை, ஹீமோகுளோபின், சிறுநீரில் புரதம் எல்லாம் கேள்விப்பட்டவை. எல்டிஎச் என்ற மூன்றெழுத்து மட்டும் புதிது. மிச்சமிருந்த ஒரு கையால் போனில் தேடினேன்.

அது ஒரு நொதி. உடம்பின் செல்கள் எல்லாவற்றுக்குள்ளும் இருக்கிறது. செல் நன்றாக இருக்கும்வரை உள்ளேயே வேலை பார்த்துக்கொண்டு கிடக்கும். செல் உடைந்தால் வெளியே கசிந்து ரத்தத்தில் சேர்ந்துவிடும். ஒரு வீட்டின் பீரோவும் பாத்திரங்களும் தெருவில் கிடந்தால் உள்ளே சுவர் இடிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறோம் அல்லவா, அது மாதிரி. கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும்போது சிவப்பணுக்களும் கல்லீரல் செல்களும் சிதைய ஆரம்பித்தால் இந்த எண் கூடும்.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. நான் ஒரு வங்கியின் சர்வர்களைக் கண்காணிக்கும் குழுவில் இருக்கிறேன். சர்வர் படுத்த பிறகு வந்து சொல்பவருக்கு அங்கே மரியாதை கிடையாது. படுப்பதற்கு முன் அது எங்கோ முனகும். அந்த முனகலைப் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. அப்படியானால் இந்த நொதியும் ஒரு முனகல்தானே? இதை வாராவாரம் கோடாகப் போட்டுக்கொண்டே வந்தால், அழுத்தம் எகிறும் முன்பே நான் பார்த்துவிடலாமே? வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் போனில் கட்டம் கட்டி, நிறம் கொடுத்து, தலைப்பும் வைத்துவிட்டேன்.

அப்போது எனக்கு முப்பதாவது வாரம். அழுத்தம் எல்லைக்கோட்டில் நின்றுகொண்டிருந்தது. டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்து, வீட்டிலேயே அளக்க ஒரு கருவி வாங்கச் சொன்னார். அவர் பயந்த நோய்க்கு ப்ரீ எக்லாம்ப்சியா என்று பெயர். தமிழில் முன்சூல்வலிப்பு. பாதிக் கர்ப்பத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறும். அதோடு சிறுநீரில் புரதம் போகும், அல்லது கல்லீரலோ சிறுநீரகமோ ரத்தத் தட்டணுக்களோ அடி வாங்கும். கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரைக்கும் போகும். முழுத் தீர்வு ஒன்றுதான், பிரசவம். ஆனால் முப்பது வாரத்தில் பிறக்கிற பிள்ளைக்கு நுரையீரல் தயாராக இருக்காது. ஆகவே தள்ள வேண்டும், முடிந்தவரை தள்ள வேண்டும். நானும் என் கணவன் சரவணனும் முப்பத்தேழு என்ற எண்ணை மனதில் ஆணியடித்து வைத்துக்கொண்டோம்.

முதல் ரிப்போர்ட்டில் எல்டிஎச் நானூற்றுப் பதினெட்டு. வரம்புக்குள்தான் என்று டாக்டரே சொன்னார். என் கட்டத்தில் முதல் புள்ளி விழுந்தது.

அடுத்து வளைகாப்பு வந்தது. திருமுல்கேரியில் அம்மா வீட்டில் வைத்தோம். அம்மாவின் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து நாலு தலைமுறையாக அங்கேயே இருக்கிறது. வளைகாப்பு முடிந்தால் பெண் அம்மா வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில் அம்மாவிடம் பேச்சே கிடையாது. மருத்துவமனையும் பக்கத்திலேயே சிகந்திராபாத்தில் இருந்ததால் சரவணனும் தலையாட்டினான். அவன் தூத்துக்குடிக்காரன். உருதும் தெலுங்கும் கலந்த அம்மாவின் தமிழில் பாதி அவனுக்குப் புரியாது.

"மாப்ளே, நீங்க ஃபிகர் நக்கோ. நான் இருக்கேன்ல" என்றாள் அம்மா.

"அத்தை என்ன சொல்லுதாங்க? யாரு ஃபிகரு?" என்று என் காதில் கேட்டான்.

"கவலைப்படாதீங்கன்னு சொல்றா, லூசு."

"மாப்பிள்ளைய லூசுன்னு சொல்லாதடி" என்று அம்மா அதையும் கேட்டுவிட்டு அதட்டினாள். அவள் காதுக்குத் தப்புவது எதுவுமில்லை.

அடுத்த பரிசோதனையை அம்மா வீட்டருகே இருந்த கூடத்தில் கொடுத்தேன். சாயங்காலம் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. எல்டிஎச் இருநூற்றுத் தொண்ணூற்றாறு. நான் குதிக்காத குறை.

"அம்மா, இறங்கிடுச்சும்மா!"

"கைக்குடி, எதுக்குடி இப்படிக் கத்துற, வயித்துப் பிள்ளக்காரி? என்ன இறங்குச்சு?"

"என்சைம்."

"ஹவ், ஆமா, இறங்காம என்ன? அங்க டப்பா சோறு தின்னுட்டுக் கெடந்த. இங்க வந்து ரெண்டு வாரம் ஒழுங்கா ரசம் சாப்புடுற."

கட்டத்தில் இரண்டாவது புள்ளியை வைத்தேன். நானூற்றிலிருந்து முந்நூற்றுக்குக் கீழே. அழகான பச்சைக் கோடு, சறுக்குமரம் மாதிரி இறங்கியது. படமெடுத்துச் சரவணனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"பாத்தேன் பாத்தேன். அப்ப முப்பத்தேழு நிச்சயம்னு சொல்லு. காலு வீக்கம் எப்படி இருக்கு?"

"இருக்கு. எல்லாருக்கும் வர்றதுதானே."

"டாக்டருக்கு அனுப்புனியா?"

"நாளை கழிச்சு செக்கப் இருக்கே. அப்போ காட்டிக்கிறேன்."

அந்த இரண்டு நாளும் உடம்பு என்னிடம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. வளைகாப்பன்று கலகலவென்று ஆடிய கண்ணாடி வளையல்கள் மணிக்கட்டில் அசையாமல் பதிந்து நின்றன. நெற்றிக்குப் பின்னால் ஒரு வலி, காபி குடித்தும் போகவில்லை. வலது விலாவுக்குக் கீழே யாரோ கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருப்பது போலிருந்தது. அம்மா வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தாள். தூத்துக்குடியிலிருந்து மாமியார், நெஞ்செரிச்சல் என்றால் பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும் என்று போனில் சந்தோஷப்பட்டார். வீட்டுக் கருவி வழக்கத்தைவிட அதிகம் காட்டியபோது, மாடிப்படி ஏறி வந்ததால்தான் என்று நானே ஒரு காரணம் கொடுத்தேன். கோடுதான் இறங்குகிறதே!

செக்கப் நாளில் நானும் அம்மாவும், நேரே அங்கே வந்துவிட்ட சரவணனும் மருத்துவமனைக் கூடத்தில் எங்கள் டோக்கனுக்காகக் காத்திருந்தோம். வரிசையாகப் பெண்கள், எல்லார் பாதமும் செருப்புக்கு வெளியே பிதுங்கிக்கொண்டு. தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் ஒரு தெலுங்கு மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். நர்ஸ் என் இடக்கையில் அழுத்தம் பார்த்தார். ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லிவிட்டு வலக்கையில் பார்த்தார். பிறகு எங்கள் டோக்கனை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போனார். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். எங்களைத்தான் கூப்பிட்டார்கள்.

டாக்டர் தெலுங்குக்காரர். சென்னையில் மேல்படிப்பு படித்தவர் என்பதால் என்னிடம் தமிழில் பேசுவார்.

"தலைவலி உண்டாம்மா?"

"கொஞ்சம்."

"கண்ணு மங்கலா தெரியுதா? இல்லையா? சரி. இங்க?" வலது விலாவின் கீழே கையை வைத்தார். நான் கத்திவிட்டேன்.

"இன்னிக்கே அட்மிட் ஆகணும்."

"டாக்டர், ஆனா என்சைம் இறங்குது டாக்டர்" என்று போனை நீட்டினேன். "பாருங்க, நானே டிராக் பண்றேன்."

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஏமம்மா, இது நீயே போட்டதா? பாகுந்தி, நல்லா இருக்கு. கலர்லாம் பாகுந்தி. ரிப்போர்ட் ஏது? அதக் காட்டு."

சரவணன் முதல் ரிப்போர்ட்டின் தாளை எடுத்து வைத்தான். இரண்டாவதை என் போனில் திறந்து அதன் பக்கத்தில் வைத்தேன். டாக்டர் பேனாவால் இரண்டிலும் கடைசிக் கட்டத்தைத் தொட்டார். "இதப் படி."

கொண்டாப்பூர் ரிப்போர்ட்டில் இயல்பு வரம்பு இருநூற்று முப்பதிலிருந்து நானூற்று அறுபது வரை. திருமுல்கேரி ரிப்போர்ட்டில் நூற்றிருபதிலிருந்து இருநூற்று நாற்பத்தாறு வரை.

"ஒரே நொதிதாம்மா. ஆனா அது செய்யற வேலைய ஒரு திசையில ஓடவிட்டு அளக்கற லேப் உண்டு, எதிர்த் திசையில ஓடவிட்டு அளக்கற லேப் உண்டு. அதே ரத்தத்துக்கு உன் முதல் லேப்ல வர்ற நம்பர்ல ஏறக்குறைய பாதிதான் ரெண்டாவதுல வரும். நீ மைலையும் கிலோமீட்டரையும் ஒரே கோட்டுல போட்டிருக்க."

எனக்குக் கணக்கு சட்டென்று ஓடியது, அதுதான் கொடுமை. இருநூற்றுத் தொண்ணூற்றாறு என்பது கொண்டாப்பூர் அளவில் அறுநூறை நெருங்குகிறது. என் பச்சைக் கோடு என் கண்முன்னாலேயே திரும்பிக்கொண்டு மேலே ஏறியது. அம்மா வீட்டுக்கு வராமல் கொண்டாப்பூரிலேயே இருந்திருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது என்றும், அங்கே இருந்திருந்தால் இந்நேரம் சிகந்திராபாத் வரும் ரோட்டு நெரிசலில் நின்றுகொண்டிருப்பேன் என்றும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"அப்போ இந்த நொதியால உபயோகமே இல்லையா டாக்டர்?" என்றேன். அந்த நிலையிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"எவரு சொன்னது? ரொம்ப உபயோகம். கல்லீரல் நொதி ரெண்டு, எல்டிஎச், தட்டணு, நாலையும் இனி ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் பாக்கப்போறோம். இங்கயே, எங்க லேப்லயே. ஆனா நம்பர் நல்லா இருந்தாலும் நீ வலிக்குதுன்னு சொன்னா நான் அட்மிட் பண்ணுவேன். புரிஞ்சுதா?"

புரிந்தது. அப்புறம் அவர் நிலைமையைத் தெளிவாகச் சொன்னார். குழந்தைக்கு முப்பத்து மூன்று வாரம். நுரையீரல் விரிவதற்கு எனக்கு ஸ்டீராய்டு ஊசி இரண்டு போட வேண்டும், ஒரு நாள் இடைவெளியில். அது முழுதாக வேலை செய்ய ஏறத்தாழ இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளை என் கல்லீரல் கொடுக்குமா என்பதுதான் கேள்வி. முப்பத்தேழு வாரக் கனவெல்லாம் அந்த அறையிலேயே கீழே இறங்கி உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாள் போதும், இரண்டே நாள்.

வார்டில் சலைன் ஏற்ற ஊசி குத்த வந்த நர்ஸ் வளையல்களைப் பார்த்துவிட்டு, கழற்றுங்கள் என்றார். அம்மா குறுக்கே வந்து நின்றாள். "பிரசவம் ஆகுறவரைக்கும் கழட்டக் கூடாது சிஸ்டர்."

"வீக்கம் கூடினா ரத்த ஓட்டம் நின்னுடும்மா. வெட்டிடட்டுமா?"

வெட்டுவது என்றால் கண்ணாடி உடைவது. அம்மாவின் முகம் வெளுத்தது. சரவணன் அவள் அருகே போய், "அத்தை, உடைக்க வேண்டாம். வேற என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றான். அவன் அவ்வளவு பணிவாக யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. அம்மா, ஆப்பிள் வாங்கி வந்த மெல்லிய பிளாஸ்டிக் பையை உதறி என் கையில் உறை மாதிரி மாட்டினாள். மேலே தேங்காய் எண்ணெய். ஒவ்வொரு வளையலாக, விரல் முட்டிகளை அமுக்கி அமுக்கி உருவினாள். எனக்கு உயிர் போனது. ஒன்றுகூட உடையவில்லை.

"உடையாம வந்தா கழட்டுனதா கணக்கில்ல. எடுத்து வெச்சதாத்தான் கணக்கு" என்று தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, அத்தனையையும் தன் கையில் ஏற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து வராந்தாவில் அம்மா வருகிறாள் என்பது அவள் வரும் முன்பே எனக்குத் தெரியும்.

வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் ஏற்றினார்கள். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆகவே நான் சொல்கிறேன். ஊசி ஏறத் தொடங்கியதும் உடம்புக்குள் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டாற்போல் இருக்கும். முகம் கொதிக்கும், நாக்கு தடிக்கும். பயப்பட வேண்டாம், அடங்கிவிடும். நர்ஸ் சின்னச் சுத்தியலோடு வந்து முழங்காலைத் தட்டிப் பார்ப்பார். மருந்து அளவு மீறினால் கால் துள்ளாது. பக்கத்துக் கட்டிலில் உப்பல் பகுதியிலிருந்து வந்திருந்த பெண், என் கால் துள்ளும்போதெல்லாம் சிரித்தாள். "ஏம் காதக்கா" என்றாள். ஒன்றும் ஆகாது அக்கா என்று அர்த்தம். அவளுக்கும் அதே நோய்தான். நொதி என்றால் என்ன என்று அவளுக்குத் தெலுங்கில் பீரோ, பாத்திரம், தெரு எல்லாம் போட்டு விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்படின்னா இப்ப உன் சாமானெல்லாம் தெருவுலயா?" என்றாள். வயிறு குலுங்கச் சிரித்தேன், விலா வலிக்க வலிக்க.

சரவணனுக்கு வார்டுக்குள் அனுமதி கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரம் இன்சூரன்ஸ் மேஜைக்கும் ஆய்வகத்துக்கும் இடையே நடந்துகொண்டிருந்தான். காப்பீட்டு அனுமதி வரும்வரை அவன் எதையும் என்னிடம் சொல்லவில்லை. வந்த பிறகுதான் ஒரு இட்லியை முழுதாகச் சாப்பிட்டான் என்று அம்மா சொன்னாள். ஒவ்வொரு முறை ரத்தம் எடுத்த பிறகும் ஆய்வகச் சன்னலில் போய் நின்று, தன் உடைந்த ஹிந்தியில், "பையா, வோஹி மெஷின் ஹை நா?" என்று கேட்பானாம். அதே மெஷின்தான் என்று ஆய்வகத்துக்காரர் ஆறாவது தடவை கையெடுத்துக் கும்பிட்டாராம்.

முதல் நாள் மாலை கல்லீரல் நொதிகள் இரண்டும் வரம்பைத் தாண்டி இரண்டு மடங்கு. மறுநாள் காலை அங்கேயே நின்றன. இரண்டாவது ஊசி போட்டாயிற்று. எல்டிஎச் மெதுவாக ஏறியது. நான் எதையும் வரையவில்லை, வரைய வேண்டியும் இருக்கவில்லை. கதவருகே நின்று சரவணன் முகத்தைச் சரிசெய்துகொள்ளும் வேகத்திலேயே எல்லாம் தெரிந்துவிடும்.

"சொல்லு சரவணா."

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கு."

"மூக்கத் தேய்க்கிற. கூடியிருக்கு."

"கொஞ்சமா கூடியிருக்கு. தாங்கும்டி, இன்னிக்கு ஒரு பொழுது தாங்கும்."

தாங்கியது. அடுத்த நாள் மதியம் தட்டணுக்கள் மளமளவென்று குறைந்து வந்தன. டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் செய்தி பெரிது என்று அதற்குள் கற்றிருந்தேன்.

"குழந்தைக்கு வேண்டிய ரெண்டு நாள் கிடைச்சாச்சு. இனிமே உள்ள வெச்சிருந்தா உனக்கு ஆபத்து. தட்டணு இன்னும் குறைஞ்சா முதுகுல ஊசி போட முடியாது. இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாமா?"

"எடுத்துடலாம்" என்றேன். முப்பத்தேழு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

பெண். ஒன்றே முக்கால் கிலோ. வெளியே வந்ததும் ஒரு விநாடி அமைதி. அந்த அமைதியில் திரைக்கு இந்தப் பக்கம் நான் என் நுரையீரலையும் நிறுத்தி வைத்திருந்தேன். பிறகு பழைய விசில் மாதிரி ஒரு கீச்சல், அது வலுத்து, கோபமாக, நல்ல கோபமாக மாறியது. "அழறா, தானே மூச்சு விடறா" என்றார் குழந்தை மருத்துவர். என் முகத்தருகே கொண்டுவந்து ஒரு நொடி காட்டினார்கள். தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே அழுதேன்.

பிரசவம் ஆனால் நோய் போய்விடும் என்று படித்திருந்தேன். மறுநாள் காலை எல்டிஎச் முன்பைவிடக் கூடியிருந்தது. சரவணன் மூக்கை இரண்டு கையாலும் தேய்த்தான். அந்தக் காலைதான் இருந்ததிலேயே மோசம், ஏனென்றால் தள்ளுவதற்கு இனி எதுவும் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று, இன்னும் ஏறுகிறதே!

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைக்கூடச் சுழிக்கவில்லை. "ஒண்ணு ரெண்டு நாள் ஏறிட்டுத்தான் இறங்கும்மா. உடைஞ்சது உடைஞ்சதுதான், அத உடம்பு கூட்டி அள்ள வேணாமா? மெக்னீசியம் ஓடட்டும். விலா வலிக்குதா?"

யோசித்தேன். வலிக்கவில்லை. எப்போது நின்றது என்றே தெரியவில்லை. தையல் வலி இருந்தது, முதுகு வலி இருந்தது, அந்தக் கட்டைவிரல் மட்டும் போயிருந்தது. "இல்ல டாக்டர்" என்று விலாவை நானே அழுத்திக் காட்டினேன். அடுத்த ரிப்போர்ட்டில் தட்டணுக்கள் கூடின. அதற்கடுத்ததில் நொதிகள் மூன்றும் இறங்கின. அதே ஆய்வகம், அதே மெஷின். சரவணன் கதவருகே வந்து நின்றான். கை மூக்குப் பக்கமே போகவில்லை. அம்மா வளையல் குலுங்க அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "நான் சொன்னேன்ல மாப்ளே, ஃபிகர் நக்கோன்னு!" இந்த முறை அவனுக்குப் புரிந்தது.

இதை எழுதும் இப்போது நான் டிஸ்சார்ஜ் ஆகி, பகல் முழுக்கப் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கு வெளியே உள்ள தாய்மார் அறையில் இருக்கிறேன். அழுத்த மாத்திரை தொடர்கிறது. சில வாரங்கள் பார்த்துக் குறைப்பார்கள். அடுத்த கர்ப்பம் என்று ஒன்று வந்தால் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், வராவிட்டாலும் ஆண்டுக்கொருமுறை அழுத்தம் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். இதைப் படிக்கிற கர்ப்பிணிகளுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். பரிசோதனைக் கூடத்தை மாற்றினால் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வரம்பையும் சேர்த்துப் படியுங்கள். தலையோ வலது விலாவோ வலித்தால் எந்த எண்ணுக்கும் காத்திராமல் போய்விடுங்கள்.

மகள் முதலில் மூக்குக்குழாயில் பால் குடித்தாள். பிறகு பாலாடையில். நேற்று பாலாடையைக் காலி செய்துவிட்டு நர்ஸின் விரலைப் பிடித்துச் சப்பினாளாம். இன்று காலை நர்ஸ் வந்து, "நாலு மணிக்கு நேரா மார்புல போட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"எவ்வளவு குடிக்கிறாள்னு எப்படித் தெரியும் சிஸ்டர்?"

"தெரியாது. தொண்டையப் பாருங்க. க்கு, க்குன்னு முழுங்குற சத்தம் வரும். முதல் நாள் வராமலும் போகலாம். களைச்சுத் தூங்கிட்டா பாதத்தச் சுரண்டி எழுப்பணும். நாளைக்கும் போட்டுப் பாப்போம்."

அம்மா தலையணையை இரண்டாக மடித்து என் மடியில் எப்படி வைப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். மணி மூன்றே முக்கால். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.